கொல்லையில் ஓர் அருவி

அருவியைக் காண வேண்டுமாயின் நாம் குற்றாலத்திற்கோ ஒகேனக்கல்லுக்கோ செல்கின்றோம். ஆனால், இடுப்பளவு உயரத்திலிருந்து விழும் சிற்றருவி ஒன்றை வீட்டுக் கொல்லையிலேயே அமைத்துக்கொள்ளலாம். அதனடியில் ஒரு சிறு குளமும், அதில் சில மீன்களும் இருக்குமாயின், அது கண்ணுக்கு விருந்தாவதோடு நல்லதொரு சோதனைச்சாலையாகவும் விளங்கும். பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றபின் நான் அத்தகைய குளம் ஒன்றைக் கட்டினேன். கட்டும்போது கற்றதைவிட, கட்டியபின் செய்த பிழைகளால் கற்றதே மிகுதி. அவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நிழலை விரும்பி மரத்தடியில் குளம் வெட்டுதல் கூடாது. உதிரும் இலைகள் நீரில் அழுகும். வேர்கள் சுவரைப் பிளக்கும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படாவிட்டால் அல்லியும் நன்கு பூக்காது. என் குளம் 3 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், 60 சென்டிமீட்டர் ஆழமும் உடையது. மூன்றையும் பெருக்கினால் 3.6 கன மீட்டர். அதாவது 3,600 லிட்டர். இந்த எண்ணை அறிந்தாலன்றி மோட்டாரையும் தேர்ந்தெடுக்க இயலாது, மீன்களின் தொகையையும் முடிவு செய்ய இயலாது. புதிய சிமெண்டுச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரமாக்கும். ஆகவே மும்முறை நீர் நிரப்பி, ஒவ்வொரு முறையும் சில நாள் ஊறவிட்டு வெளியேற்றினேன். குழந்தைகள் உள்ள வீடாதலின், சுற்றிலும் கம்பிவேலியும் இட்டேன். முழங்கால் அளவு நீரும் சிறு குழந்தைக்கு ஆபத்தே.

ஒரு மூலையில் 1 மீட்டர் உயரத்திற்குக் கருங்கற்களை அடுக்கி, குளத்து நீரை ஒரு சிறு மோட்டாரால் மேலேற்றினேன். மோட்டாரின் மீது மணிக்கு 2,000 லிட்டர் என்று பொறித்திருந்தது. அருவியோ நூலாக விழுந்தது. 15 லிட்டர் வாளியை அருவியின் கீழ்ப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப 54 விநாடி ஆயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 1,000 லிட்டரே! பொறித்திருந்த எண் பொய்யன்று. உயரம் ஏதுமின்றி நீரைத் தள்ளும்போது கிடைக்கும் அளவு அது. உயரம் ஏற ஏற நீரின் அளவு குறையும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்து, நீர் நாள்தோறும் 6 சென்டிமீட்டர் தாழ்ந்தது. அதாவது 360 லிட்டர் மறைந்தது. கோடை வெயில் ஒரு நாளில் குடிப்பது பெரும்பாலும் 1 சென்டிமீட்டருக்குள்தான். ஒரு பகல் மட்டும் மோட்டாரை நிறுத்தி வைத்தேன். நீர்மட்டம் அசையவில்லை. ஆகவே ஒழுக்கு குளத்தில் இல்லை, அருவியில்தான் என்பது தெளிவாயிற்று. கற்களின் பின்புறமாக நீர் மண்ணிற்குள் இறங்கியிருந்தது. கற்களைப் பிரித்து, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதன் முனை குளத்திற்குள் தொங்குமாறு செய்து மீண்டும் அடுக்கினேன். ஒழுக்கு நின்றது.

இனிச் சொல்வது துயரமானது. என் பேத்தி ஆசையோடு விட்ட பொன்மீன்கள் பதினொன்று அக்குளத்தில் இருந்தன. கோடையில் நீர் பச்சை நிறமாயிற்று. அதைப் பொருட்படுத்தாமல், மின்செலவைக் கருதி இரவில் மோட்டாரை நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் விடியலில் ஏழு மீன்கள் மிதந்தன. எஞ்சிய நான்கும் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. “தாத்தா, நேற்று மாலை நன்றாகத்தானே நீந்தின?” என்று பேத்தி கேட்டாள்.

விடை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடமே. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராமே கரையும். நீரைப் பச்சையாக்கிய பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவும் மீனைப் போலச் சுவாசிக்கும். ஆகவே விடியற்காலையிற்றான் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். விழும் அருவி நீரைச் சிதறடித்துக் காற்றோடு கலப்பதால் அக்குறையை நிரப்பும். வேண்டிய நேரத்தில் நான் அதை நிறுத்தினேன். அதனால் மிச்சமானது எவ்வளவு? 30 வாட் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட், அவ்வளவே!

பின்னர்க் குளத்தைத் திருத்தினேன். மணிக்கு 1,800 லிட்டரை மெய்யாகவே மேலேற்றும் மோட்டாரைப் பொருத்தினேன். இரண்டு மணிக்கு ஒருமுறை குளம் முழுவதும் அருவி வழியே சுற்றிவரும். அருவியின் உச்சியில் சரளைக்கல் நிறைந்த தொட்டி ஒன்றை வைத்தேன். மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். சரளையில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும்; அவற்றிற்கும் பிராணவாயு வேண்டும். நைட்ரேட்டை அல்லி உரமாக ஏற்கும். அதன் இலைகள் பரப்பில் பாதியை மூடுவதால் பாசிக்கு ஒளி குறையும். ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே இரை இடுகிறோம். கொசுப்புழுக்களை மீன்களே தின்றுவிடுகின்றன.

எஞ்சிய நான்கு மீன்களும் பிழைத்தன. இப்போது வாரந்தோறும் வாளியும் கடிகாரமும் கொண்டு அருவியை அளப்பவள் என் பேத்தி. வாளி நிரம்ப 30 விநாடிக்குமேல் ஆனால், மோட்டாரின் வாயில் பாசி அடைத்துவிட்டது என்று உடனே வந்து சொல்லிவிடுவாள். நீங்களும் உங்கள் வீட்டில் குளம் அமைப்பீர்களாயின், மீனை வாங்குமுன் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.