உங்களுக்குத் தெரியுமா? ரேடியேட்டர் மூடியும் கொதிக்கும் காரும்

புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 98 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கார் ரேடியேட்டரில் அப்படி நேராமல் காப்பது, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடிதான். அதன் ரப்பர் வளையம் தேய்ந்துபோனால், சாத்தாரா சாலையில் கம்பாட்கி மலைப்பாதை ஏறும்போதே கூலன்ட் கொதித்து வெளியேறலாம். கார் சூடேறினால், விலை குறைந்த இந்த மூடியை முதலில் பாருங்கள்.

டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகிக்கலாம். ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் அது சுழல வேண்டும். ஆயில் பாலேடுபோல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும், வண்டியை எடுக்காதீர்கள்.

சோதனை எதுவானாலும், என்ஜின் முழுதாக ஆறும்வரை மூடியைத் திறக்கவே வேண்டாம். பீறிடும் கூலன்ட் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.