செம்பனைக் குலையில் ஒரு கண்ணாடித் தாள்

செம்பனை ஆலையில் பழங்களை உதிர்த்தபின் நாரும் முள்ளுமாக வெற்றுக்குலை மிஞ்சும். பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இதுதான். இரசாயனப் பொறியியல் மாணவனான நான் அந்த நாரில்தான் திட்டப்பணி செய்கிறேன். “குப்பையிலா ஆராய்ச்சி?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அது குப்பையும் இல்லை. தோட்டங்களில் மரத்தடியில் பரப்பி உரமாக்குகிறார்கள்.

நாசி லெமாக் மடித்த பழுப்புத் தாளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வழவழப்பாக ஒட்டியிருப்பது நெகிழி. அதற்குப் பதில் மண்ணில் மக்கும் செல்லுலோஸ் படலம் செய்ய முடியுமா?

புதிய ஆசை அல்ல. சுவிட்சர்லாந்தின் ஜாக் பிராண்டன்பெர்கர் 1908இலேயே செலோபேனை உருவாக்கினார். ஆனால், அந்த முறைக்குக் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு இரசாயனம் வேண்டும். சீனாவின் ஊகான் பல்கலைக்கழகத்தில் சாங் லீனாவின் குழு வேறு வழி கண்டது. சோடியம் ஹைட்ராக்சைடும் யூரியாவும் கலந்த நீரை -12 பாகை செல்சியசுக்குக் குளிரவைத்துச் செல்லுலோசைப் போட்டால், சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதைக் கண்ணாடிமேல் பரப்பி, அமிலத்தில் உறையவைத்து, கழுவிக் காயவைத்தால் தெளிவான படலம் கிடைக்கும்.

அதை வலுவாக்கத்தான் நானோ இழைகள். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியவை. கடுங்குளிர் நீங்கிய பிறகு சேர்ப்பதால் அவை கரைவதில்லை. சிமெண்டுக்குள் கம்பி வைப்பது போலத்தான். ஆனால் இங்கே சிமெண்டும் கம்பியும் ஒரே பொருள். படிவம் நான்கு வேதியியலில் வரும் ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டையும் இறுகப் பிடிக்கிறது. அதிகமாகச் சேர்த்தாலும் ஆபத்து: இழைகள் கட்டிக்கட்டியாகத் திரண்டு, அந்த இடத்திலேயே படலம் கிழியும்.

இழை பிரிப்பதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு, நாரை முதலில் டெம்போ என்ற வினையூக்கியால் பக்குவப்படுத்தி அதை வெகுவாகக் குறைத்தது. அதற்காக 2015இல் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசும் பெற்றது.

என் கவலை வேறு. அதே ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீரையும் இழுக்கும். நனைந்த செல்லுலோஸ் படலம் தளர்ந்துவிடும். காய்ந்த நிலையில் எடுத்த வலிமையை மட்டும் பெருமையாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சுடுசோறு பொட்டலத்துக்குள் ஆவி விடாதா? நம் ஊர்க் காற்றே பாதி ஈரம்தானே?

ஆகவே, என் படலத் துண்டுகளை நீரில் ஊறவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஈரத்தோடேயே இழுவிசைக் கருவியில் மாட்டப்போகிறேன்.