பன்னீர் திராட்சைக்கு ஜெர்மனியில் ஓர் உடன்பிறப்பு

போன வாரம் ரீஸ்லிங் என்ற ஜெர்மன் திராட்சையோடு நிறுத்தியிருந்தோம். மோசல் ஆற்றுச் சரிவு, சிலேட்டுக்கல் மண், அந்தப் புளிப்பு எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி இனிப்பை எப்படி மிச்சம் பிடிக்கிறார்கள் என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் கெர்னர் குறுக்கே வந்துவிட்டது.

கெர்னர் ஒரு வெள்ளைத் திராட்சை. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில், வைன்ஸ்பெர்க் என்ற ஊரின் திராட்சை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆகுஸ்ட் ஹெரோல்ட் 1929-இல் ட்ரோலிங்கர் என்ற கருந்திராட்சையையும் ரீஸ்லிங்கையும் கலந்து உருவாக்கியது. அவ்வூரில் வாழ்ந்த மருத்துவர், கவிஞர் யுஸ்டினுஸ் கெர்னரின் பெயரையே வைத்தார்கள். தாமதமாகத் தளிர்விடுவதால் பின்பனியில் கருகாது. ரீஸ்லிங் ஒத்துவராத நிலத்திலும் விளையும். ஆனால் ரீஸ்லிங் அளவுக்குப் பெயர் எடுக்காததால் விலை குறைவு. குடும்பத் தோட்டக்காரர்கள் லேசான இனிப்போடு இதை அன்றாட வெள்ளை வைனாகப் போட்டு விற்கிறார்கள்.

இனிதான் விஷயம். இதே ட்ரோலிங்கர், அலெக்ஸாண்டிரியா மஸ்கட்டோடு சேர்ந்து பிறந்ததுதான் மஸ்கட் ஹாம்பர்க். அதாவது நம் பன்னீர் திராட்சை! 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர். ஒரு வயிற்றில் பிறந்து அப்பன் வேறான பிள்ளைகள்போல, கெர்னருக்கும் பன்னீருக்கும் உறவு. படப்பை பஜாரில் தள்ளுவண்டியில் ஒரு கொத்தை எடுத்துப் பாருங்கள். தோலில் சாம்பல் பூத்திருக்கும், விரல் பட்டால் அதன் கீழே கறுப்பு தெரியும். அந்தக் கறுப்பு ட்ரோலிங்கர் கொடுத்தது, மணம் மஸ்கட் கொடுத்தது. தன்னுள் மறைந்திருந்த வெள்ளை நிறத்தை ட்ரோலிங்கர் கெர்னருக்குக் கொடுத்துவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

ட்ரோலிங்கரின் பூர்வீகம் ஆல்ப்ஸ் மலையின் டைரோல் பக்கம். ஜெர்மனியில் அது வேரூன்றியது வூர்ட்டெம்பெர்க்கில், ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி. அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. படப்பையைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடம். அங்கே 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையைத் திறந்த டைம்லர் அதே ஸ்டுட்கார்ட் கம்பெனிதான். ஸ்டுட்கார்ட்டில் உள்ள உன்டர்டூர்க்ஹைம் பென்ஸ் ஆலைக்கு மேலே திராட்சைக் கொடிச் சரிவுகள். எஞ்சின் செய்கிற ஊரும் வைன் போடுகிற ஊரும் அங்கே ஒன்றுதான். ஒரகடத்துக்கு வந்தது அதில் பாதி.

ஜெர்மனியில் மலிவான கெர்னர் இங்கே மலிவாக வந்து சேராது. வெளிநாட்டு வைனுக்கு 150 சதவீத இறக்குமதித் தீர்வை என்பது பல்லாண்டு வழக்கம், அதற்குமேல் மாநில வரி. அதனால் இங்கே விலை கேட்டு மலைக்க வேண்டியதுதான்.

இனிப்பு மிச்சமாகும் கதை அடுத்த வாரம் கட்டாயம் உண்டு. தொட்டியைக் குளிர வைத்தால் ஈஸ்ட் எப்படி அடங்குகிறது, அடங்காமல் குப்பிக்குள் மறுபடி கிளம்பினால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குவோம்.