ஒரு படத்தைத் திறந்தாலே போதும்

ஆப்பிளின் பாதுகாப்புப் பிரிவும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் 2023 செப்டம்பர் 6 அன்று கூகுளுக்கு ஒரு பிழையைத் தெரிவித்தன. வெப்பி வகைப் படங்களை விரித்துக் காட்டும் லிப்வெப்பி நிரலில் ஓட்டை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றும் நம்பியிருந்தது அதே நிரலைத்தான். 11ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வந்தபோது, இந்த ஓட்டை வழியே ஏற்கெனவே தாக்குதல் நடப்பதாகக் கூகுளே அறிவித்தது.

படத்தைச் சுருக்கும்போது அடிக்கடி வரும் மதிப்புக்குச் சின்னக் குறியீடும், அரிதாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுப்பார்கள். 1952இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறை இது. படத்தைத் திறக்கும் பிரவுசர் அந்தக் குறியீடுகளுக்கு நினைவகத்தில் ஓர் அட்டவணை போட வேண்டும். ஒழுங்கான படத்துக்கு அது எவ்வளவு பெரிதாகும் என்று முன்பே கணக்கிட்டு, அந்த அளவுக்கே இடம் ஒதுக்கியிருந்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் வந்த குறியீடுகள் ஒழுங்கானவைதானா என்று பார்த்து முடிக்கும் முன்பே நிரல் அட்டவணையை நிரப்பத் தொடங்கிவிடும். வேண்டுமென்றே கோணலாகச் செய்த படம் வந்தால், ஒதுக்கிய இடம் தீர்ந்தும் எழுதிக்கொண்டே போகும். பக்கத்து இடத்தில், நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரி இருக்கலாம். அதை மாற்றி எழுத முடிந்தவர் கைக்குப் பிரவுசர் போய்விடும்.

பிழையைத் தெரிவித்த அதே வாரம், வாஷிங்டனில் இயங்கும் ஒரு குடிமைச் சமூக அமைப்பின் ஊழியரது ஐபோனில் பெகாசஸ் உளவு மென்பொருளைக் கண்டதாகச் சிட்டிசன் லேப் சொன்னது. தீய படங்களைச் சுமந்துவந்த ஐமெசேஜ்தான் வழி. அவர் எதையும் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. லிப்வெப்பி ஓட்டைக்கும் இந்தத் தாக்குதலுக்கும் வேர் ஒன்றே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது அநியாயம். லிப்வெப்பி பல ஆண்டுகள் தானியங்கிச் சோதனைகளுக்கு உள்ளான நிரல். குரோமின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70% நினைவகத்தைக் கையாள்வதில் வருபவை என்று குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திட்டமே 2020இல் கூறியது. அவற்றில் ஏறத்தாழ பாதி, விடுவித்துவிட்ட இடத்தை மறுபடி தொடுவதால் வருபவை. இத்தகைய நிரல்கள் எழுதப்படும் சி, சி++ மொழிகள் எல்லையைக் காக்கும் பொறுப்பை மனிதரிடமே விட்டுவிடுகின்றன. கோடிக்கணக்கான வரிகளில் எந்த மனிதரும் எங்காவது தவறுவார். ரஸ்ட் மொழி அந்தக் காவலைத் தானே ஏற்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2017இலேயே பக்க வடிவமைப்பைக் கணிக்கும் பகுதியை அதில் மாற்றி எழுதியது. குரோம் 2023இல்தான் ரஸ்டுக்குக் கதவு திறந்தது. பழைய வரிகள் மாறப் பல ஆண்டுகள் ஆகும்.

அதுவரை பயனருக்கு இருக்கும் காப்பு, திருத்தங்களை உடனே ஏற்பதுதான். திருத்தம் தானாக இறங்கிவிட்டாலும், பிரவுசரை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும். ஸ்லாக், சிக்னல் போன்றவற்றின் கணினிச் செயலிகள் உள்ளே தனியாக ஒரு குரோமியத்தை வைத்திருப்பவை. குரோமைப் புதுப்பித்தால் அவை புதுப்பிக்கப்படுவதில்லை.