சைக்கிள் மிதிக்கும் சுகமும் உடம்பின் நலமும்



உடல்நலப் பகுதி என்றாலே நம்மில் பலருக்கு ஓர் அலுப்பு. "சீனியைக் குறை, உப்பைக் குறை, சிகரெட்டை விடுன்னு இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆகவே இந்த முறை எதையும் விடச் சொல்லப் போவதில்லை. மனதுக்கும் உடம்புக்கும் சுகம் தருகிற ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அதுதான் சைக்கிள் மிதிப்பது.

"மோட்டார் வாங்க வழியில்லாதவன் ஓட்டுறதுதானே சைக்கிளு, அதுல என்ன சுகம்?" என்று சிலர் சிரிக்கலாம். செமோர் வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போனது, குரங்குப் பெடல் போட்டுப் பழகி முட்டியைச் சிராய்த்துக்கொண்டது என்று கதை கதையாகச் சொல்வார்கள். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த அதிகாலை ஓட்டம். அந்தப் பாடு பெரும்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவி மாட்டிக்கொண்டு, இறக்கத்தில் சைக்கிளை விட்டுவிட்டு வீடு திரும்பும் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அது அவர்களுக்கே சொந்தமான நேரம். கிராணியும் இல்லை, கங்காணியும் இல்லை.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் எழும்பிவிட்டன. லயத்தை விட்டு வந்தவர்கள் மோட்டாரில் போகிறார்கள், காடியில் போகிறார்கள். சைக்கிள் வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அன்று யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. ஆனாலும் உடம்புக்கு வேண்டிய அசைவு அன்றாட வாழ்க்கையிலேயே கிடைத்தது. இன்று அது இல்லை. சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது, இன்னும் கூடியும் இருக்கிறது.

அதன் பலனைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் வியாதி, 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு. நூறு பேரில் ஏறக்குறைய 30 பேர் போதிய அளவு உடம்பை அசைப்பதே இல்லை. இனிப்பு நீர் நம் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிடக் கூடுதல் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இறக்கத்துக் காற்று

சைக்கிள் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் முதல் சுகம், மேடு ஏறி முடித்து இறக்கத்தில் இறங்கும்போது முகத்தில் அடிக்கும் காற்று. இது ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது? மேடு ஏறும்போது உடம்பு சூடாகி வேர்க்கிறது. காற்றுப் பட்டதும் அந்த வேர்வை ஆவியாகிறது. ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு அதே காற்று வெறும் காற்றுதான். உழைத்த உடம்புக்குத்தான் அது குளிர்ச்சி.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஓட்டும்போது தெரியாத வேர்வை, சைக்கிளை நிறுத்தியதும் ஆறாக ஓடும். "என்னமோ ஏதோ" என்று பயப்பட வேண்டாம். காற்று நின்றுவிட்டது, உடம்புச் சூடு இன்னும் தணியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எவ்வளவு நீர் உடம்பிலிருந்து போகிறது என்பதைக் காற்று மறைத்துவிடுகிறது. ஆகவே தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள். சீனி போட்ட பானத்தைவிட வெறும் தண்ணீரே மேல்.

காலுக்கும் நெஞ்சுக்கும் பலம்

மேடு ஏறி மூச்சு வாங்கி, பிறகு அந்த மூச்சு மெல்ல மெல்ல அடங்கும்போது ஒரு நிம்மதி வரும். அந்த நேரத்தில் இருதயம் நல்ல வேலை செய்து முடித்து இளைப்பாறுகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு மிதிக்கும் இறுகித் தளர்ந்து, காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாளடைவில் அதே மேடு முன்போல் மலைப்பாக இருக்காது. "போன மாசம் இறங்கித் தள்ளுனேன், இப்ப உட்கார்ந்துக்கிட்டே ஏறுறேன்" என்று சொல்லும் நாள் வரும். அந்தச் சந்தோஷம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

உழைப்பு இருதயத்தைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை டாக்டர் ஜெரி மாரிஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார்கள். நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று தெரிய வந்தது. பஸ் ஒன்றே, அசைவில்தான் வித்தியாசம். பின்னர் 2017-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். வேலைக்குச் சைக்கிளில் போனவர்களிடையே மரண அபாயம், அசைவில்லாமல் பயணம் செய்தவர்களைவிட 41 விழுக்காடு குறைவாக இருந்தது. அதற்குச் சைக்கிள் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்களிடம் வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம். இருந்தாலும் சைக்கிளுக்கு அதில் பங்கு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது.

முட்டி வலியுள்ளவர்களுக்கு

வருஷக்கணக்கில் மேடு பள்ளத்தில் மரம் வெட்டியவர்களுக்கும் குலை சுமந்தவர்களுக்கும் முட்டி வலி சகஜம். "நடக்கவே முடியல, எங்க போயி சைக்கிள் மிதிக்கிறது?" என்பார்கள். நடக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் பெரும்பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. ஆகவே நடக்கச் சிரமப்படும் பலர் சமதரையில் மெதுவாகச் சைக்கிள் மிதிக்க முடியும். ஆனால் சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி இலேசாக மடங்கியிருந்தால் போதும். சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டி அதிகமாக மடங்கி வலி கூடும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சீனி ஏறும். அந்த நேரம் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக மிதித்தால், வேலை செய்யும் தசை அந்தச் சீனியை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஆனால் இன்சுலின் ஊசியோ, சீனியை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, திடீர்ப் பசி, தலைசுற்றல் வந்தால் உடனே இறங்கி ஏதாவது இனிப்புச் சாப்பிட வேண்டும். நாலு மிட்டாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் ஓட்டாதீர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள்.

மனதின் பாரம் குறையும்

மோட்டாரில் போகிறவனுக்கு இன்ஜின் சத்தம்தான் கேட்கும். சைக்கிளில் போகிறவனுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும். எந்த வீட்டில் குழம்பு தாளிக்கிறார்கள் என்பது மூக்குக்குத் தெரியும். கந்தான் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் அந்தி வெயிலில் நிறம் மாறுவதும், பழைய ஈயக் குட்டை ஓரத்தில் கொக்கு நிற்பதும் கண்ணில் படும். எதிரே வரும் பெரியவரைப் பார்த்து, "என்னண்ணே, பசியாறியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்க முடியும். கவலையோடு கிளம்பியவர் கொஞ்சம் இலேசாகத் திரும்புவார். உடம்பு அசைந்தால் மனச்சோர்வு தணிவதும், இரவில் தூக்கம் நன்றாக வருவதும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை.

பெண்களும் ஓட்டலாம்

"பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்?" என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையைக் காட்டலாம். அங்கே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். வயலில் வேலை செய்தவர்களும் கல்லுடைத்தவர்களும் ஓட்டக் கற்றார்கள். 1992-இல் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்களாம். ஏன் தெரியுமா? நடுவிலிருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திராமல், நினைத்த நேரத்தில் போய்வர முடிந்ததுதான் அவர்கள் கண்ட பெரிய சுகம்.

பிள்ளையை ஏற்றிச் செல்வது இன்பமான காரியம். ஆனால் பின்னால் உட்காரும் பிள்ளையின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் சிக்கிப் பெருங்காயம் ஆவதுண்டு. கம்பியை மறைக்கும் தகடும், கால் வைக்க இடமும் இல்லாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் விட்டவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு.

இருதய நோய், கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு 999-க்கு அழையுங்கள். "காத்துப் புடிச்சிருக்கும், தைலம் தேச்சா போயிடும்" என்று இருந்துவிடாதீர்கள்.

உச்சி வெயிலிலும் புகைமூட்ட நாட்களிலும் ஓட்ட வேண்டாம். இடி இடித்தால் தனி மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். லாரி ஓடும் பெரிய சாலையைத் தவிர்த்து, தாமான் வழியாகவும் தோட்டத்துப் பாதையிலும் போவது நல்லது. இடப்பக்கமே ஓட்டுங்கள். தலைக்கவசம், வெளிர்நிறச் சட்டை, இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு ஆகியவை அவசியம்.

பின்னால் கிடக்கும் சைக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், டயருக்குக் காற்றடியுங்கள், இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஓட்டத் தெரியாத பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கும் கற்றுக்கொடுங்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதும் நல்ல உடற்பயிற்சிதான்.