சிவகங்கைக் குளத்தருகே ஓர் ஆலயம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லும் நம்மில் பலர், அதை அடுத்த சிவகங்கைப் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே, குளத்தருகே, நம் பிரிந்த சகோதரர்களின் ஆலயம் ஒன்று உள்ளது. கிறிஸ்து ஆலயம் என்பது அதன் பெயர். சுவார்ட்ஸ் ஆலயம் என்றும் அழைப்பர். கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் நாம் அதன் வரலாற்றையும் அறிந்துகொள்வோம்.

1726-ல் பிரஷியாவில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் குரு சுவார்ட்ஸ், 1779-ல் இதைக் கட்டினார். பின்னர் ஆங்கிலிக்கன் சபையிடம் வந்த இவ்வாலயம், இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. சரபோஜி மன்னர் கட்டித் தந்தது எனச் சிலர் சொல்வதுண்டு. ஆனால் மன்னர் பிறந்ததே 1777-ல்தான். அவர் தந்தது கட்டடத்தை அல்ல, உள்ளே இருக்கும் பளிங்குச் சிற்பத்தை.

ஆங்கிலேயச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது அது. சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கிறார். சரபோஜி அவரது கையைப் பற்றியிருக்கிறார். தலைமாட்டில் உடன் பணியாளர் கெரிக்கே. படுக்கையோரம் சிறுவர் மூவர்.

இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்த மன்னர், அயல்நாட்டுக் குரு ஒருவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை செய்தார்? துளஜா மன்னர் 1787-ல் இறக்கும் தறுவாயில் தம் தத்துப்பிள்ளை சரபோஜியை ஒப்படைக்க நாடியது சுவார்ட்ஸைத்தான். சிறுவன் அரண்மனையில் துன்புற்றபோது அவனைக் காத்துக் கல்வி கிடைக்கச் செய்தவரும் அவரே.

அரண்மனை அவரை நம்பக் காரணம் உண்டு. ஆலயம் எழும்பிய சில ஆண்டுகளில், ஐதர் அலியின் போரால் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. வெளியே நெல் இருந்தது. ஏற்றிவர மாடுகள் இல்லை. கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாததால் குடியானவர்கள் மாடு தர மறுத்தனர். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதிக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே கூலியையும் கொடுத்து, மக்களை வீட்டுக்கு அனுப்பினார்.

அன்பர்களே, குடியானவர்கள் அவரது மறையுரையைக் கேட்டு வரவில்லை. அவரது சொல்லை நம்பி வந்தார்கள். நெல் விளையும் மண்ணில் வாழும் நாம், நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களின் கூலியைப் பேசியபடி, உரிய நாளில் கொடுக்கிறோமா? நம் பங்கின் பெயரைக் கேட்டால், பிற சமயத்து அயலார் நம்பிக் கதவைத் திறப்பார்களா? நம் ஆலயத்தின் உறுதியும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. அதைக் காத்துக்கொள்ளும் அருளை இறைவனிடம் கேட்போம். ஆமென்.