பழங்கார்ப் பயணம்: வண்டிக்கு முன்னால் காகிதம் கிளம்ப வேண்டும்

பழங்கார்ப் பயணம் என்பது கொட்டகையில் நின்றிருந்த கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கூட்டாகக் கிளம்பி, ஒரு நாளோ சில நாட்களோ சாலையில் ஓடித் திரும்புவது. பெங்களூரில் கர்நாடக வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் போன்ற ஆர்வலர் சங்கங்கள் இருக்கின்றன. மைசூர்த் திசை இத்தகைய பயணங்களுக்குப் பழகிய வழி. தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்கடே சேகரித்த கார்களை வைத்து அமைத்த ‘பயணா’ அருங்காட்சியகமும் அந்த வழியில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில்தான் இருக்கிறது. முதல்முறை சேர்கிறவர்கள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள், பம்பருக்குக் குரோமியம் பூசுகிறார்கள், சீட்டுக்குப் புதுத் துணி தைக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கிளம்புவதற்கு முந்தின வாரம் தேடுகிறார்கள். என்ஜின் நின்றால் மெக்கானிக் வந்து சரிசெய்துவிடுவார். பதிவு காலாவதியான வண்டி யார்மீதாவது மோதினால் அதைச் சரிசெய்ய ஆள் கிடையாது.

முதல் குழப்பம் வயதைப் பற்றியது. பழைய வாகன ஆர்வலர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டு கடந்து, அசல் நிலையில் பேணப்படும் வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. இந்தியச் சட்டத்தில், 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள்தான் ‘வின்டேஜ்’. இன்சூரன்ஸ்காரர்களின் மோட்டார் கட்டண விதியோ 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, இந்திய வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் சான்றளித்த கார்களையே அந்தப் பெயரால் அழைக்கிறது. ஒரே வண்டி சங்கத்தில் ‘கிளாசிக்’காகவும், ஆர்.டி.ஓ.வில் வெறும் பழைய காராகவும் இருப்பது இதனால்தான். 1985-இல் வாங்கிய பிரீமியர் பத்மினிக்கோ கான்டெஸாவுக்கோ சட்டத்தில் எந்தச் சலுகையும் இல்லை. பயணக்குழு கொடுத்த ஸ்டிக்கரும் நுழைவு எண்ணும் போலீஸ்காரர் முன்னால் எதற்கும் உதவாது.

பத்மினி, கான்டெஸா போன்ற காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுக்குப் படிவம் 25 போட்டு, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. மோட்டார் சைக்கிளுக்கு 2,000. இறக்குமதிக் காருக்கு 80,000. தாமதித்தால் காருக்கு மாதம் 500, மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல். ‘வருஷத்துக்கு ஒருநாள் எடுக்கிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அந்த ஒருநாளில் நடக்கிற விபத்தும் விபத்துதான். பதிவுக் காலம் முடிந்த காரைச் சாலையில் எடுக்கக் கூடாது. ஆய்வுக்குக்கூடத் தட்டைத்தள லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே பாதுகாப்பு. பதிவில்லாமல் ஓட்டினால் முதல்முறை அபராதம் 5,000 ரூபாய் வரை. அதைவிடப் பெரிய நஷ்டம் இன்சூரன்ஸில் காத்திருக்கிறது.

டெல்லிச் செய்திகளைப் படித்துவிட்டு, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார் எல்லா ஊரிலும் தடை என்று நம்பி, தாத்தாவின் காரை எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அந்தத் தடை தலைநகர் வட்டாரத்துக்கானது. கர்நாடகத்தில் ஆய்வில் தேறிய பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கலாம்.

பெங்களூரில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இந்தப் புதுப்பிப்புக்கும் முந்தினது. எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் எண்களும், எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மதராஸ் எண்களும் பேரேட்டில் மையால் எழுதப்பட்ட காலத்தவை. இவற்றில் கணிசமானவை ‘வாகன்’ கணினித் தளத்துக்கு ஏறவே இல்லை. தளத்தில் எண் தெரியாவிட்டால் புகைச் சான்று மையத்தில் இயந்திரம் ஏற்காது, ஃபாஸ்டாக் கிடைக்காது, இன்சூரன்ஸ் புதுப்பிப்பதும் இழுபறியாகும். பழைய பதிவைத் தளத்தில் ஏற்றுவதற்குப் ‘பேக்லாக் என்ட்ரி’ என்று பெயர். வண்டி முதலில் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானதோ, அல்லது அலுவலகம் பிரிந்த பிறகு அந்தப் பேரேடு எங்கே போனதோ, அங்கே அசல் ஆர்.சி. புத்தகம், வரி ரசீது, சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு ஆகியவற்றுடன் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். பென்சில் அச்சு எடுப்பதும் ஒரு வேலை: எண் பொறித்த தகட்டின் மேல் பெயின்டும் துருவும் மூடியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் எழும்பும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண் மழுங்கினால் ஆய்வாளர் சந்தேகப்படுவார், அதில் அவர்மேல் தவறும் இல்லை. ஆனால் பேரேடு கிடைக்கவில்லை என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்புவது தவறு. அந்தப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுதிய பதில் இருந்தால்தான் சாந்திநகர் கே.எச். சாலையில் உள்ள போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்கு மேல்மனு எடுத்துப்போக முடியும். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸ் புகார் ரசீதோடு படிவம் 26. ஏஜென்ட் கையில் அசல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் ஏராளம். அசலைக் கொடுப்பதானால் தேதியிட்ட ஒப்புகை இல்லாமல் கொடுக்கக் கூடாது.

வண்டி இறந்தவர் பெயரிலேயே இருப்பது அடுத்த தலைவலி. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் வாரிசு மூன்று மாதம் ஓட்டலாம். அதற்குள் படிவம் 31 போட்டுப் பெயர் மாற்ற வேண்டும். கர்நாடகத்தில் ‘நாட கச்சேரி’ எனப்படும் வருவாய்த் துறை அலுவலகத்தில் வம்சவிருட்சச் சான்று, தமிழ்நாட்டில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ளாத குடும்பங்களில் வண்டி அங்கேயே துருப்பிடிக்கிறது. கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொண்டுவந்த காரைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பெங்களூரில் வைத்திருந்தால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்யச் சட்டம் சொல்கிறது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வேறு வழி திறந்திருக்கிறது. மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் தயாரான ஜாவாக்களிலும் ஆரம்பகால யெஸ்டிகளிலும் பல இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. படிவம் 20-இல் விண்ணப்பம், இன்சூரன்ஸ் பாலிசி, பழைய ஆர்.சி., இறக்குமதியானால் சுங்கச் சீட்டு ஆகியவை வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். 60 நாளுக்குள் படிவம் 23ஏ-இல் சான்று தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஏற்கெனவே எண் உள்ள வண்டி அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவானால் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ வரும்.

இந்தப் பதிவோடு கட்டுப்பாடும் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது, இவற்றுக்குப் போய்வருவது தவிர வேறெதற்கும் அந்த வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. ஆகவே பயணத்துக்கான அழைப்புக் கடிதத்தின் நகலை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றிய வண்டிக்கு இந்தப் பதிவே கிடைக்காது. பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்று அம்பாசடரிலும் வில்லிஸ் ஜீப்பிலும் டீசல் என்ஜினை மாட்டியவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். அனுமதியில்லாத மாற்றம் சாதாரணப் பதிவிலும் குற்றம்தான்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது பாலிசியின் சிறிய எழுத்து. தனியார் கார் பாலிசியில் ‘உபயோக வரம்பு’ என்ற பகுதியில் ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை, வாடகைக்கு விடுவது ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். சும்மா ஊர்வலமாகப் போய்வந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பல பேரணிகளில் நேரம், வேகம், தூரம் கணக்கிட்டுப் புள்ளி போடுகிறார்கள். அப்படியானால் கிளம்பும் முன்பே கம்பெனிக்கு எழுதி, ஐ.எம்.டி. 31 என்ற பின்னிணைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனிக் கிளையில் இருப்பவருக்கே அந்த எண் தெரியாமல் போகலாம்; அதனால் மனுவில் எண்ணைத் தெளிவாக எழுத வேண்டும். பொதுச்சாலையில் வேகப் போட்டி நடத்த மாநில அரசின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் கலந்துகொண்டால் முதல்முறை 5,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அமைப்பாளரிடம் சம்மதக் கடிதத்தைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு, கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. ஏஜென்ட் போட்ட 30,000 ரூபாயை அப்படியே விட்டுவிட்டு, பத்து லட்சம் செலவழித்துப் புதுக்கிய காருக்கு விபத்துக்குப் பிறகு நியாயம் கேட்டுப் பயனில்லை. உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீட்டையும் புகைப்படங்களையும் பாலிசி எடுக்கும்போதே கொடுக்க வேண்டும். பத்தாண்டு கடந்த வண்டியின் இரும்புப் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதித் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும்.

மறுபடியும் பதிவு. 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில், செல்லுபடியாகும் பதிவில்லாமல் சாலையில் ஓட்டியது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை மறுத்தது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் ஆர்.சி. காலாவதியானால் இதே கதிதான். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கவும் அது முயலும். பதிவுக் காலம் முடிந்த காரைச் சாலையில் எடுக்கக் கூடாது.

சொந்தக் கார் இல்லாதவர்கள் வெள்ளைப் பலகைப் பழங்காரை நாள் வாடகைக்கு எடுத்துப் பயணத்தில் சேர்வதும் நடக்கிறது. வாடகை என்றதுமே மேலே சொன்ன விலக்கு வந்துவிடும். வின்டேஜ் பதிவுள்ள வண்டியை வணிகத்துக்கு விடவும் கூடாது. நண்பரின் காரில் உடன் போகலாம். பணம் கைமாறக் கூடாது.

சாலைக்கு வந்தால், பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் பிரதான வழித்தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குத் தடை. பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் சர்வீஸ் ரோட்டையோ பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா வழியாகப் போகும் பழைய சாலையையோ பிடிக்க வேண்டும். டிரம் பிரேக்குக் காருக்கும் அந்தச் சாலையே உகந்தது. சுங்கச்சாவடியில் செல்லும் ஃபாஸ்டாக் இல்லையென்றால், 2025 நவம்பரில் வந்த விதிப்படி, ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு. புகைச் சான்று பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் சவ்வையும் கார்க் கேஸ்கெட்டையும் கெடுக்கிறது. கசியும் பெட்ரோல் சூடான என்ஜினில் விழுந்தால் தீ. குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் பொருத்திய பிறகே கிளம்ப வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கிலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பூ தேயவில்லை என்பதற்காகப் பதினைந்து வருட டயரில் கிளம்புவது தற்கொலைக்குச் சமம். ஆறு வோல்ட் விளக்குள்ள வண்டிகள் இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும்.

விபத்தானால் முதலில் 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033-உம் உண்டு. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை, 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிப்பதும் கடமை. 2025 மே முதல் நடப்பில் உள்ள திட்டத்தில், அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்ச ரூபாய் அளவுக்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெங்களூரில் அவர் அலுவலகம் ஜே.பி. நகர் ஜீவன் சௌதா கட்டடத்தில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையான தகராறுகளை அங்கே தீர்க்கலாம். பணம் வாங்கிக்கொண்டு பயணத்தை ரத்து செய்த, அல்லது சொன்ன வசதியைத் தராத அமைப்பாளர்மீது இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்த மனு சகாலா சட்டத்தின் பட்டியலில் உள்ள சேவைக்கானது என்றால், ஜி.எஸ்.சி. எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். குறித்த நாள் கடந்தால் அந்த எண்ணைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை ஈட்டுத்தொகையும் கேட்கலாம்.